கெட்டித் தண்ணீர்

டுலூத்தில் ஏரி உறைந்து கிடக்கிறது.
நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்
தண்ணீரையும் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறோம்.
ஒரு கோப்பைக்கு ஒரு பொட்டலம் மாவு.
முப்பது நொடி கலக்கி, இரண்டு நிமிடம் விட்டால்
கரண்டியிலிருந்து தேன்போல இறங்கும்.
வெறும் தண்ணீர் சிலருக்கு வழி தவறி
நுரையீரலுக்குள் போய்விடுகிறது.

சமையலறைச் சுவரில் இதை எழுதி ஒட்டியவள்
பேச்சு சிகிச்சையாளர் கார்லிஸ் சன்ட்பி.
அவள் படித்த படிப்புக்குத்தான் நானும் விண்ணப்பிக்கிறேன்.
கடன் எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன் ஒருநாள்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"பதினாலு வருஷமா கட்டறேன்.
அசல் இப்பத்தான் என்னைத் திரும்பிப் பாக்குது."

ஆறு பல்கலைக்கழகங்கள்.
ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம்,
மதிப்பெண் பட்டியல் அனுப்ப ஒரு கட்டணம்,
கட்டணத்தைக் கட்டுவதற்கு ஒரு வசதிக் கட்டணம்.
யாருடைய வசதி என்று போட்டிருக்கவில்லை.
நான்காவதற்குக் கட்டியபோது
குளிர்கால டயர் வாங்கும் பணம் போயிற்று.
வழுக்கும் பாலத்தில் பழையதோடு ஓட்டினேன்,
அக்கரை வரும்வரை மூச்சு விடாமல்.

"இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்."

ஹொக்கலாவிடம் மிஞ்சியது ஒரே சொல்.
இரும்புத்தாது ரயில் ஓட்டியவர்.
பக்கவாதம் மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு
'செவ்வாய்' ஒன்றை விட்டுப் போயிற்று.
காபி வேணுமா? செவ்வாய்.
வலிக்குதா? செவ்வாய், செவ்வாய்.
மகள் பேர் என்ன?
உதட்டைக் குவித்து, குவித்து,
கண் நிறைந்த பிறகு, செவ்வாய்.

அவரைத்தான் எழுதினேன்.
நானூற்றுத் தொண்ணூற்று மூன்று சொற்கள்.
நன்றாகத்தான் வந்திருந்தது. அதுதான் உறுத்தியது.
ஒரு சொல் உள்ள மனிதரிடம்
இத்தனையைக் கறந்துவிட்டேனே.
அச்செடுத்துப் போய், சாப்பாட்டுக்குப் பின்
கட்டிலருகே வாசித்துக் காட்டினேன்.
அனுப்பட்டுமா?
செவ்வாய், என்றார்.

சொல்லை விடு, ராகத்தைக் கேள் என்பாள் கார்லிஸ்.
கேட்டேன்.
இழுத்த மாதிரியும் இருந்தது, வெட்டிய மாதிரியும்.
மறுபடி கேட்கத் துணிச்சல் வரவில்லை.
அவரை எடுத்துவிட்டுத்
தண்ணீரைப் பற்றி எழுதி அனுப்பினேன்.
முந்நூறுகூடத் தேறவில்லை.

நான்கு இடங்கள் வருத்தம் தெரிவித்தன.
அக்கம்பக்கத்தில் இருப்பது
காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது;
எத்தனையாவது என்று சொல்லும் வழக்கமில்லையாம்.
இல்லினாய் மட்டும் வா என்றது.
வெளிமாநிலக் கட்டணம். உதவித்தொகை கிடையாது.

நாளைய உணவு அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
முன்பக்கம் மசித்த கேரட், மசித்த கோழி, மசித்த பேரிக்காய்.
பின்பக்கம் இரண்டு வருட வாடகை,
சம்பளமில்லாத பயிற்சி மாதங்கள்,
இந்த முறையாவது டயர்.
தொண்ணூற்றாறாயிரம் டாலர், வட்டி சேர்க்காமல்.
கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன்.
கார்லிஸ் மாதிரி சிறுகச் சிறுக விழுங்கினால்
புரையேறாமல் இறங்கிவிடும் என்றுதான் பட்டது,
ஐம்பத்து மூன்று வயதுக்குள்.

பதில் சொல்லக் கடைசி நாள் ஏப்ரல் பதினைந்து.

அன்று காலை ஏரியில் பனிப்பாளங்கள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி முனகிக்கொண்டிருந்தன.
தட்டோடு உள்ளே போனேன்.
நாட்காட்டியில் கண் பட்டது. நின்றேன்.
ஆறு மாதமாக இந்த அறைக்கு வருகிறேன்,
இதை ஒருநாளும் கேட்டதில்லை:

இன்னைக்கு என்ன கிழமை, ஹொக்கலா?

செவ்வாய், என்றார்.
சொன்னதும் நிமிர்ந்தார்.
தன் வாயிலிருந்து வந்ததைத்
தானே காதில் வாங்கிக்கொண்டவர்போல
என்னைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார்,
மறுபடியும் சொன்னார். மெல்ல. ரொம்பத் தெளிவாக.

பையில் போன் அதிர்ந்தது.
இல்லினாயின் நினைவூட்டல்: இன்று நள்ளிரவு வரை.
இரண்டு பொத்தான்கள், பக்கத்தில் பக்கத்தில்.

கோப்பையில் மாவைக் கொட்டிவிட்டிருந்தேன்.
அதை முதலில் கலக்கினேன்.