மேலே சொன்னதை நம்ப வேண்டாம்

பாடாங் செராய் பழைய கடைவரிசையில்
இருபத்து நான்கு மணி நேர சலவைக் கடை என்னுடையது.
துணி சுற்ற முப்பத்தாறு நிமிடம்,
காய இன்னொரு இருபது.
அந்த ஐம்பத்தாறு நிமிடத்தில்தான்
சூசைமாணிக்கம் எங்களுக்கு வாய்த்தார்.

யாரோ மறந்துபோன தலையணை உறைக்குள்
மூன்று புத்தகங்கள்:
நாடகங்கள், நாட்குறிப்பு,
பிள்ளைகளுக்குப் படம் போட்டது ஒன்று.
ஒரு மாதம் வைத்திருந்தேன். கேட்டு யாரும் வரவில்லை.
உறையைத் துவைத்து மடித்தேன்.
புத்தகத்தைப் பிரித்தேன்.

முதல் நாடகம் 'பெரட்டு'.
விடியாத இருட்டு. ஒருவர் பெயர் வாசிக்கிறார்.
வாசித்த பெயருக்கெல்லாம் ஆஜர் வருகிறது,
செத்தவருக்கும், பிறக்காதவருக்கும்,
ஓரத்தில் கவிழ்த்த பால்வாளிக்கும்.
கடைசியில் தம் பெயரையே வாசிக்கிறார்.
பதில் இல்லை.
அரை நாள் சம்பளத்தை வெட்டிக்கொண்டு
மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.

முன்னுரையில் ஒரு பேராசிரியர்
இதை அபத்தம் என்கிறார், எட்டுப் பக்கத்துக்கு.
முத்துவீரன் செம்பனைக் குலை லாரி ஓட்டுபவர்.
அழுக்கு நகத்தால் அந்த வாளியைத் தொட்டார்.
"வாளிக்குப் பேர் போட்டு எங்க கிராணி
ரெண்டு வருஷம் சம்பளம் எடுத்தாரு.
இதுல எது அபத்தம்னு
அந்த ஐயாவக் கேட்டுச் சொல்லுங்க."

கொடிமலருக்கு நாட்குறிப்பு.
கையுறை ஆலையில் இரவு முழுக்க
ஊதிப் பார்த்து ஓட்டை தேடுகிறவள்.
ஒரே பக்கத்தில் ஒரு வாரம் இருந்தாள்:

'இன்று ஒன்றும் நடக்கவில்லை.
அதுவும் தாமதமாகத்தான் நடந்தது.'

'இஞ்சி கிலோ எட்டு வெள்ளி.'

'அவள் போய் நாற்பது நாள்.
செருப்பு இன்னும் தெருவைப் பார்த்தே இருந்தது.
திருப்பி வைத்தேன். இப்போது வீட்டைப் பார்க்கிறது.
எது மோசம் என்று தெரியவில்லை.'

'இஞ்சி எட்டு வெள்ளி பத்து காசு.'

"ஓட்டை இங்கதான்" என்றாள்,
அந்தப் பத்து காசின்மேல் விரல் வைத்து.

பிள்ளைகள் புத்தகத்தை யாரும் தொடவில்லை,
முத்துவீரன் மகள் ஷர்மிதா வரும்வரை.
குடைக்குள் மட்டும் மழை பெய்யும் கதை.
ஊரெல்லாம் வெயில். ஒரு பையன்
நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போகிறான்.
ஏன் குடையை மடக்கவில்லை?
அஞ்சல்காரர் கேட்கிறார், ஆமை கேட்கிறது,
கடைசிப் பக்கம் நம்மைக் கேட்கிறது.

நாங்கள் மூவரும் பதில் வைத்திருந்தோம்.
எனக்குத் தனிமை, கொடிமலருக்குக் கடவுள்,
முத்துவீரனுக்கு அரசாங்கம்.
கச்சான் மென்றபடி ஷர்மிதா சொன்னாள்:
"மடக்கினா மழை எங்க போகும், பாவம்."
பிறகு நாலாம் எண் இயந்திரத்தின்
வட்டக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி,
"இங்கயும் ஒண்ணு பெய்யுது" என்றாள்.

எழுதினோம் அவருக்கு, ஈப்போவிலுள்ள பதிப்பகம் வழியாக.
உங்கள் வாளியை எங்களுக்குத் தெரியும் என்று.
செருப்பைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள் என்று.
இஞ்சி இப்போது பதினெட்டு வெள்ளி என்று.

மூன்று மாதம் கழித்து ஒரு தாள் வந்தது.
மேலிருந்து வெறுமை. நடுவிலும் வெறுமை.
அடியில், சாய்ந்த கையெழுத்தில்:
'பி.கு.: மேலே சொன்னதை நம்ப வேண்டாம்.'

கிழவருக்கு மறதி என்றார் முத்துவீரன்.
இல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றேன் நான்.
கொடிமலர் எதுவும் சொல்லாமல் மடித்து
சீருடைப் பையில் வைத்துக்கொண்டாள்.
வைத்ததை மறந்தும் போனாள்.

அவர் எழுதாததை முப்பத்தாறு நிமிடம்
அலசிப் பிழிந்தது நாலாம் எண்.
திறந்தபோது துணியெல்லாம் வெள்ளைத் துகள்,
உதற உதறப் போகவில்லை.

அன்றிரவு ஆலை வாசலில் மேற்பார்வையாளர்
பெயர் வாசித்திருக்கிறார்.
தோளில் துகளோடு நின்றவள்
தன் பெயருக்கு ஒருமுறை ஆஜர் சொல்லி,
பிறகு, பட்டியலில் இல்லாத ஒருவருக்காக
இன்னொரு முறையும் சொன்னாளாம்.

அதைக் கணக்கில் ஏற்றிக்கொண்டார்களா என்று
சம்பளம் வந்தால்தான் தெரியும்.