சொல்லுக்குப் பன்னிரண்டு காசு

மூன்று நாளில் அறுபத்தேழு விண்ணப்பம்.
ஊபியில், கார்ப் பட்டறைக்கு மேல்மாடியில்,
மதியத்துக்குமேல் குளிரூட்டி ஒத்துழைக்காத அறையில்
நான் தேடியது ஒரே ஓர் ஆளை.
பல் மருந்தகம் ஒன்றுக்கு
மாதம் நான்கு கட்டுரை, தமிழில்.
சொல்லுக்குப் பன்னிரண்டு காசு.

சோதனைக்குக் கொடுத்த தலைப்பு:
ஞானப்பல் பிடுங்கிய முதல் இரவு.

நாற்பத்தொரு பேர் தொடங்கியது
‘பல்லுப் போனால் சொல்லுப் போச்சு’ என்று.
ஒன்பது பேர் ‘இன்றைய அவசர உலகில்’ என்று.
ஒருவர் ஆதிமனிதனிடமிருந்து புறப்பட்டு
முந்நூறாவது சொல்லில்தான்
வாய்க்குள் வந்து சேர்ந்தார்.
இன்னொருவர் பல்லை மறந்து
என்னைப் புகழ்ந்திருந்தார்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
ஏழு வருடம் நானும் இந்த விலைக்கு எழுதியவன்.
‘வருகிறது’ என்றால் ஒரு சொல்.
‘வந்து கொண்டு இருக்கிறது’ என்று பிரித்தால் மூன்று.
இருபத்துநான்கு காசு கூடுதல்.
ஐந்து இடத்தில் பிரித்தால்
ஒரு கோப்பி-ஓ.
இலக்கணம் சேர்த்து எழுதச் சொன்னதை
வாடகை பிரித்து எழுதச் சொன்னது.

முதலில் எடுத்தது தனசீலனை.
சோதனைக் கட்டுரை பளிங்கு.
இரண்டாவதில், நான்காம் பத்தியில்,
நோயாளிக்குக் கொள்ளு ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார்.
எங்கிருந்தோ எடுத்தது.
எடுத்த இடத்தில் அது குதிரை.
விசாரித்தால்,
சோதனைக் கட்டுரை மைத்துனி எழுதியதாம்.
மைத்துனிக்கு வேலை வேண்டாமாம்.
எண்ணூறு சொல், தொண்ணூற்றாறு வெள்ளி,
கொடுத்துத் தொலைத்தேன்.

மறுபடியும் அடுக்கைக் கிளறினேன்.
ஐம்பத்தெட்டாவது: ஹபீபா நிஸா, உட்லண்ட்ஸ்.

‘தலையணைமேல் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.
எச்சிலோடு கலப்பதால் ரத்தம் அதிகமாகத் தெரியும்.
அவ்வளவு இல்லை.
பஞ்சைக் கடித்தபடியே இருங்கள், துப்பாதீர்கள்.
கோபம் வரும். அது வலியில்லை, பசி.
கஞ்சி ஆறட்டும்.’

இப்படியே போய் முடிந்திருந்தது.
இருநூறு சொல் கேட்டிருந்தேன்.
எண்ணினேன்: எழுபத்தாறு.
அடியில் ஒரு கேள்வி:
‘படிப்பவர் வீட்டில் துணைக்கு ஆள் உண்டா, தனியாளா?
அதைப் பொறுத்துக் கடைசி வரி மாறும்.’
மற்றவர்கள் கேட்டதெல்லாம்
காசு எந்தத் தேதியில் வரும் என்பது.
அதுவும் நியாயமான கேள்விதான்.

முதல் தடவை ஏன் தள்ளிவிட்டேன்?
அனுபவம் என்ற கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்:
விமான நிலையம், தொலைந்த பொருள் பிரிவு, பதினோரு வருடம்.

அழைத்தேன். இரவு வேலை முடிந்து பேருந்தில் இருந்தார்.
அங்கே என்ன எழுதுவீர்கள் என்றேன்.
‘கறுப்புக் குடைன்னு எழுதினா
நானூறு பேர் வந்து நிப்பாங்க சார்.
கைப்பிடியில பல்லுப் பதிஞ்ச கறுப்புக் குடைன்னு எழுதினா
ஒருத்தர்தான் வருவார்.
வெக்கப்பட்டுக்கிட்டே வருவார்.’

எழுபத்தாறைப் பன்னிரண்டால் பெருக்கினேன்.
ஒன்பது வெள்ளி பன்னிரண்டு காசு.
குதிரைக்குத் தொண்ணூற்றாறு.
திரையில் அந்த இரண்டு எண்ணும்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

சொல் கணக்கை விட்டுவிடலாம் என்றேன்.
கட்டுரைக்கு நூறு வெள்ளி, நீளம் உங்கள் பாடு.
பேருந்து ஏதோ நிறுத்தத்தில் மூச்சுவிட்டது.
‘சுருக்கினா குறைக்க மாட்டீங்களே?’
மாட்டேன்.
‘அப்ப அந்தக் கஞ்சி வரியை எடுத்திடுங்க.
ஆறணும்னு அவங்களுக்கே தெரியும்.’

அந்த வரிக்காகத்தானே உங்களை அழைத்தேன் என்றேன்.
‘அது உங்களுக்குப் பிடிச்ச வரி.
வாயில பஞ்சு வெச்சிருக்கிறவங்களுக்கு இல்ல.’

கீழே பட்டறையில் யாரோ
ஒரே ஹார்னைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள்.
அரை மணி நேரம் சண்டை.
ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துக்கூட ஆகவில்லை.