ஏழாம் துளை

பிறை என்று ஊருக்குப் பெயர்.
நிலா அல்ல, ஆறு.
ஆறு கடலில் விழும் முனையில்
பன்னிரண்டு ஏக்கர் புல்,
மாடு வாய் வைக்காத புல்.
ஏன் வைக்கவில்லை என்று அளந்து சொல்வது
என் வேலை.

ஆறு துளைகளில் சேறும் சிப்பியும்.
ஏழாவதில், ஒன்றரை மீட்டரில்,
குழாய் கறுத்து மேலே வந்தது.
அந்துருண்டை போட்ட அலமாரியைத்
திடீரென்று திறந்த வாசம்.
எந்திரம் பிடித்த ஹஃபிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
களிமண், கருநிறம், எண்ணெய்ப் பளபளப்பு
என்று எழுதினேன்.
வாசத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எல்லாம் கறையானால் வந்தது.
கெம்பாஸ் நல்ல மரம்,
கறையானுக்கும் அதுவே அபிப்பிராயம்.
தண்டவாளத்துக்கு அடியில் மூன்று வருடம் கிடந்தால்
கட்டை மாவாகிவிடும்.
இருபத்தாறாம் ஆண்டு கப்பலில் வந்து இறங்கியது
எழுபது அடி இரும்பு உருளை.
கட்டைகளை உள்ளே தள்ளிக்
கதவை மூடிக்
காற்றை உறிஞ்சிவிட்டுத்
தாரெண்ணெயைத் திறந்துவிடுவார்கள்;
மரம் போதும் போதும் என்னும்வரை
அழுத்துவார்கள்.
கறையானை விரட்டக் கறை.
மருந்து சொல்லிலேயே இருந்திருக்கிறது.

அந்த எண்ணெய் பட்ட தோலில்
வெயில் பட்டால் வேகும்.
ஆகவே இரவு வேலை.
முகத்தில் செம்பனை எண்ணெய் பூசிக்கொண்டு போனவர்கள்
விடிவதற்குள் லயத்துக்குத் திரும்பிக்
கோணியை ஜன்னலில் தொங்கவிட்டுக்
கடற்கரை ஊரில்
கடலைப் பகலில் பாராமல் தூங்கினார்கள்.
கழித்துப்போட்ட கம்பங்களைப்
பாகான் டாலாம் மீனவர்கள் மலிவாக வாங்கிப்
படகுத்துறைக்கு நட்டார்கள்.
ரொம்ப நாள் சிப்பிகூட ஒட்டவில்லையாம்.

கோப்போடு எனக்கு வந்தது
கிராணி கனகசபையின் கணக்கேடு.
முத்து முத்தான எழுத்து.

"ஏற்றம் 4117. கெம்பாஸ், 212 கட்டை.
கதவிடுக்கில் கசிவு. மருதையன், வலக்கை, ஆஸ்பத்திரி.
உறிஞ்சல் திருப்தி."

அடுத்த வரி 4118.
மருதையன் திரும்பி வந்தானா என்று
பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.
பதினோராம் பக்கத்தில் ஒரு மருதை இருக்கிறான்,
மூன்று நாள் கூலியோடு.
அவனாகவே இருக்கட்டும்.

சப்பான்காரன் காலத்தில் எண்ணெய்க் கப்பல் இல்லை.
பச்சை மரத்தையே போட்டு ரயில் ஓட்டினார்கள்.
கனகசபையின் ஏட்டில் மூன்றரை வருடம் வெற்றுத்தாள்.
அதன் ஓரத்தைக்
கறையான் தின்றிருக்கிறது.

பிறகு சிமெண்டுக் கட்டை வந்தது.
எண்பத்திரண்டில் உருளையை வெட்டிப்
பழைய இரும்புக்கு நிறுத்துப் போட்டார்கள்.
தொட்டியில் மீதி இருந்தது என்ன ஆயிற்று
என்று ஏட்டில் இல்லை.
என் குழாயில் இருக்கிறது.

அடுக்குமாடி கட்டப்போகிற மிஸ்டர் ஊய்
மரியாதையாகத்தான் கேட்டார்:
ஏழாவதை இருபது மீட்டர் தள்ளிப் போடலாமே,
அங்கே நிழலும் இருக்கிறது.
தள்ளிப் போட்டேன்.
வெறும் சேறு.
அதற்கு எட்டு என்று எண் கொடுத்தேன்.
ஏழை அழிக்கவில்லை.

அறிக்கையைக் கொடுக்கப் போன அன்று
விற்பனைக் கூடத்துக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள்.
அழகுக்காகப் போட்ட பெஞ்சு,
பழைய சிலிப்பர் கட்டை,
ஆணி பிடுங்கிய ஓட்டையோடு.
பங்குனி வெயில்.
முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.
எழுந்தேன்.
காற்சட்டையின் பின்புறம்
இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு.
நாற்பது வருடமாகியும் அதற்கு
வேர்க்கிறது.

விற்பனைப் பெண் ஓடிவந்து டிஷ்யூ நீட்டினாள்.
"நல்ல மரம்க்கா," என்றாள்,
"கறையான் கிட்டவே வராது."