4471 எனில் பூஜ்யம்

டிமாருவில் ஜூலை.
துறைமுகத்தை ஒட்டிய விதைக் கிடங்கின் அலுவலகத்தில்
ஹீட்டர் ஒரு காலை மட்டும் சுடுகிறது.
பழைய அகராதியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வாடிக்கையாளர் கோப்பின் அகராதி:
எந்த எண் எங்கே கிடக்கிறது, எப்படிக் காட்ட வேண்டும்
என்று ஒவ்வொரு பெயருக்கும் ஐந்தாறு வரி.

பாதிப் பெயர்களுக்குப் பின்னால் சரக்கு உண்டு.
மீதிக்கு ஒன்றுமே இல்லை.
முதல் வரியில் 'ஐ' என்று ஓர் எழுத்து,
இரண்டாவதில் சூத்திரம்.
கேட்டால் அப்போதே கணக்குப் போட்டுச் சொல்லும்,
சொன்ன கையோடு மறந்துவிடும்.
எனக்கு இந்த ஜாதியைப் பிடிக்கும்.
நேற்றைய பதிலை இன்றைக்குச் சூடுபண்ணித் தராது.

ஒரே கட்டத்துக்குள் மூன்று பில்,
இடையிடையே 253 என்னும் குறி, வேலிக்கம்பி மாதிரி.
எல்லாம் சென்ட் கணக்கு, புள்ளி கிடையாது;
புள்ளி வைப்பது அகராதியின் வேலை.
தேதியும் வெறும் எண்தான்.
1967 டிசம்பர் 31 பூஜ்யம், அங்கிருந்து நாள் நாளாக.
நான் அதற்கு முன்பே பிறந்துவிட்டேன்.
இந்த இயந்திரத்துக்கு நான் ஒரு கழித்தல் எண்.

செப்டம்பரில் புது மென்பொருள் வருகிறது.
அதற்கு எல்லாம் நிரப்பிய கட்டமாக வேண்டுமாம்.
ஒவ்வொரு சூத்திரமாக வாசித்துக்கொண்டே வந்தவள்
'நிலுவை'யில் நின்றேன்.

பில்களின் கூட்டுத்தொகை, அதில் கட்டியது போக மீதி.
சரி.
அதற்கு முன்னால் ஓர் 'எனில்':
வாடிக்கையாளர் எண் 4471 எனில், பூஜ்யம்.
மேலே 'ஐ'க்குப் பக்கத்தில்
யாரோ எழுதியிருக்கிறார்கள்: டெஸ்ஸைக் கேள்.

4471, நோலீன் ஹரல், ஆற்றுக்கு மேட்டுப்பக்கம் பண்ணை.
1840.50
926.00
411.75
கட்டியது எதுவுமில்லை.
பதினொரு வருஷமாக மாதக் கடைசி அறிக்கையில்
அவள் பெயருக்கு நேரே பூஜ்யம்.

உறவுக்காரியா, காதலா, கமிஷனா
என்று ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தேன்.
எனக்கே வெட்கமாகி, பிரிஸ்பேனுக்கு அழைத்தேன்.

"ஆறு உடைத்த வருஷம், ரேவின்.
நம் விதை அறுபத்திரண்டு பாலெட்
பத்தொன்பது ராத்திரி அவள் கொட்டகையில் கிடந்தது.
தன் ஆடுகளை மழையில் விட்டுவிட்டு இடம் தந்தாள்.
கணக்கை நேர் பண்ணிவிடு என்றார் முதலாளி,
வாயால்தான்.
எதில் எழுத? கொட்டகைக்கு நம்மிடம் கட்டமே இல்லை.
சூத்திரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது."

முதலாளி இப்போது இல்லை.
மகன் கூட்டுத்தொகையை மட்டும் வாசிப்பவன்.
டெஸ் நல்லவன்தான்; ஆனாலும் அந்தப் பூஜ்யத்தை
யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை.

கோப்பில் முப்பத்தோராம் கட்டம் காலியாக இருந்தது.
62 என்று இட்டேன். குறி. 19.
சூத்திரத்திலிருந்து 4471-ஐ உருவி எடுத்தேன்.
விலையை நான் வைக்கவில்லை.
கட்டணக் கோப்பின் கதவைத் தட்டி
கேட்டு வரச் சொன்னேன்:
நம் கிடங்கில் அடுத்தவர் சரக்கு தூங்கினால்
பாலெட்டுக்கு, ராத்திரிக்கு, நாம் வாங்குவது எவ்வளவு?
மூன்று டாலர்.

தொகுத்தேன். பிழை.
ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருக்கிறேன்.
மூடி, மறுபடி.

4471, நிலுவை காட்டு.

வலது ஓரத்தில் வந்து நின்றது,
முன்னால் ஒரு கோட்டோடு:
-355.75

அவள் நமக்கு அல்ல. நாம் அவளுக்கு.
பதினொரு வருஷம் அந்தப் பூஜ்யம்
யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று
டெஸ்ஸுக்கும் தெரிந்திருக்காது.

விடையை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை.
வெள்ளிக்கிழமை மகன் அறிக்கை கேட்பான்,
அப்போது அது தானே போட்டுச் சொல்லும்.
ஹீட்டரை மற்றக் காலுக்குத் திருப்பினேன்.