நாலாவது ஆணி

பெரிய வெள்ளிக்கு எங்கள் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது.
வீடு பெருக்கலாமா என்பதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு,
தலை வாரலாமா என்பதிலும்.
ஆணியில் மட்டும் இரண்டு பேச்சு இல்லை.

நாலரைக்கு எழுந்து கருப்பியைக் கறந்தேன்.
டெய்ரிக்காரனுக்குச் சாமி செத்த நாள், பிறந்த நாள்
எதுவும் கிடையாது.
ஐந்தேமுக்காலுக்குக் கேன் போய்ச் சேர வேண்டும்.
தப்பினால் நாளைக்கு வா என்பான்,
பால் நாளைக்கு இருக்குமா?

தொம்மசந்திரா தாண்டி எங்கள் பக்கம்
மூன்று திசையிலும் லேஅவுட்.
நடுவே நாங்கள், ராகி அறுத்த கட்டை நிலம்,
கருப்பி, நிறைசினையாய்ச் செவலை.
பதினாலாம் மாடியிலிருந்து யாரோ
எங்கள் சாணிக்குழியைப் போட்டோ எடுக்கிறார்கள்.

இன்னாசிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு
பகலிலேயே கோயிலுக்குப் போய்விட்டார்.
இந்த வருஷம் சிலுவை சுமக்கிற முறை அவருக்கு.
ஜெசிந்தா நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறாள்,
அவளுக்கு லீவெல்லாம் அமெரிக்கா கணக்கில்.
அடுப்பில் கஞ்சி.
உப்பு போட்டேனா, நினைவில்லை.
ஒருசந்தி, ருசி பார்க்கவும் முடியாது.

இரண்டரைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.
மாங்காய் மழை இப்படித்தான், சொல்லாமல் வரும்.
மைக்கில் ஒன்பதாம் ஸ்தலம் கேட்டது,
ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிறார்.
கொட்டகைத் தகரம் ஒரு முனை எழும்பியது,
விழுந்தது, எழும்பியது.
அடியில் செவலை
படுப்பதும் எழுவதுமாய் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
அடுத்த வாரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்தேன், உருண்டது.
கயிறு கட்டிப் பார்த்தேன், அறுந்தது.
தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முனிவெங்கடம்மா ஓடி வந்தாள்.
‘நம்ம தேவருக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்ல,
சுத்தியக் கொடு, நான் அடிக்கிறேன்’ என்றாள்.
ஏணியில் இரண்டாம் படி ஏறினாள்.
முட்டி ஒத்துழைக்கவில்லை.
இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்,
என்னைப் பார்த்தாள்.

ஏறினேன்.
கை நடுங்கியது, பயமா பட்டினியா தெரியவில்லை.
மன்னியும் ஆண்டவரே என்று சொல்லியிருப்பேன்,
வாயில் ஆணி.

முதல் அடிக்கு மரம் கத்தியது,
அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.
இரண்டாவது ஆணி வளைந்தது, நிமிர்த்தி அடித்தேன்.
மூன்றாவதில் தகரம் அடங்கிவிட்டது.
போதும், இறங்கு என்றாள் கீழிருந்து.
மூன்றோடு இறங்க எனக்கு மனசு வரவில்லை.
தேவையே இல்லாத இடத்தில்
நாலாவதையும் அடித்தேன்.

மணி அடிக்காத நாள்.
கோயிலில் மரக்கட்டை தட்டுகிற சத்தம் வரும்போது
கன்றின் முன்கால் இரண்டும் வெளியே தெரிந்தன.
ஜெசிந்தா நைட்டியோடு ஓடி வந்தாள்,
போனை அக்குளில் இடுக்கிக்கொண்டு இழுத்தாள்.
கிடேரி.
நெற்றியில் ஒரு வெள்ளை, பூரான் மாதிரி கோணலாய்.

கன்று குடித்து மீந்த சீம்பாலை
முனிவெங்கடம்மா கிண்ணு செய்ய வாங்கிப்போனாள்.
எங்களுக்கு ஒரு பங்கு, ஞாயிறு வரை
அவள் பிரிட்ஜிலேயே இருக்கட்டும் என்றேன்.

பொழுது சாய அவர் நனைந்து வந்தார்.
வெள்ளைச் சட்டையில் வலது தோள் மட்டும் அழுக்கு.
கன்றைப் பார்த்தார், தடவினார்.
நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தார்.
உதடு அசைந்தது, எண்ணுகிறார்.
நான் கஞ்சி ஊற்றப் போய்விட்டேன்.

‘உப்பு இல்ல’ என்றார்.
போட்டுக் கொடுத்தேன்.
ஜெசிந்தா வேலைக்கு உட்கார்ந்தாள்,
யாரிடமோ இங்கிலீஷில் மழை என்று சொன்னாள்.

விளக்கணைத்து வெகுநேரம்.
தகரத்தின் மேல் மழை ஒரே சீராய் விழுந்துகொண்டிருந்தது.
‘நாலாவது எதுக்கு?’ என்றார்.

தூங்கிவிட்டவள் மாதிரி மூச்சு விட்டேன்.