துருவேறிய கறுப்பு

மெக்லன்பர்க்கின் மணல்மண்ணில்
உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பேன்,
வெல்வெட் பாவாடையை இடுப்பில் செருகி,
கண்மை தாடைவரை ஒழுக.
டிராக்டரை நிறுத்திக் கேட்பார் கிரோப்லின்:
"யாராவது செத்துப்போயிட்டாங்களா?"
செவ்வாய்தோறும் இதே கேள்வி.
"இன்னும் இல்லை" என்பேன்.
திருப்தியாகக் கிளட்சை விடுவார்.

லைப்சிக்கில் இருந்தவரை
பகலை நாங்கள் பார்த்ததேயில்லை.
நிலவறை அரங்கு, செயற்கைப் புகை,
ஹென்ரிக்கேயின் கழுத்தில் வெள்ளி வௌவால்.
இங்கே களஞ்சியத்து உத்தரத்தில்
இலவசமாகத் தொங்குகின்றன வௌவால்கள்.
எச்சத்தைச் சுரண்டிப்
பூசணிக்குப் போடுகிறோம்.

வெயிலுக்குக் கறுப்பின்மேல் மரியாதை கிடையாது.
கொடியில் காய்ந்ததெல்லாம்
ஆகஸ்டுக்குள் பழுப்பு.
அக்ரூட் தோலும் துருப்பிடித்த ஆணிகளும்
வாளியில் ஊறும்.
மூன்று நாள் நாற்றம் தாங்காது.
நான்காம் நாள்
என் கையும் என் சட்டையும் ஒரே நிறம்.

முதல் வருடம் நிறம் பார்த்துத்தான் விதை வாங்கினோம்.
கறுப்புத் தக்காளி, கறுப்புக் கேரட்,
எலும்புவரை கறுத்த கோழிகள் ஏழு.
தக்காளி வெடித்து அழுகியது.
இப்போது பாத்தியோரம் முழுக்க
மஞ்சள் சாமந்தி.
அசுவினிக்காகத்தான்.
வெளியே சொல்லிவிடாதீர்கள்.

இருபது வருடம் சாவைச் சட்டையில் போட்டுத் திரிந்தவள் நான்.
மோதிரத்தில் மண்டையோடு.
கட்டிலின் தலைமாட்டில் சவப்பெட்டி மூடி.
நவம்பரில் காலொடிந்த கோழியை
மடியில் வைத்தபோதுதான் தெரிந்தது
அது இவ்வளவு வெதுவெதுப்பானது என்று.
கத்தி இருமுறை தவறியது.
களஞ்சியத்தின் பின்னால் ஹென்ரிக்கே வாந்தியெடுக்கும் சத்தம்.
அன்றிரவு சூப்பில் உப்பு அதிகம்.
இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.
மண்டையோட்டைக் கழற்றிச் சோப்புக்கிண்ணத்தில் வைத்தேன்.
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மார்ச்சில், செவ்வாய் அல்லாத ஒரு நாளில்
கதவு தட்டப்பட்டது.
நீல வேலையுடுப்பில் கிரோப்லின்.
"கெர்டா போயிட்டா.
என்கிட்ட கறுப்புக் கோட்டு கிடையாது."
உள்ளே வரச் சொன்னோம்.
எங்கள் அலமாரியைத் திறந்ததும்
ஒரு கணம், சத்தியமாக,
சிரிக்கப் பார்த்தார்.
பிறகு உதடு கோணியது.

ஹென்ரிக்கேயின் நீளக் கோட்டிலிருந்து
வெள்ளிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன்.
முதுகில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.
கல்லறைத் தோட்டத்தில் அவர் குனிந்து மண் தள்ளியபோது
அது மட்டும் பளிச்சிட்டது.
ஊரே பார்த்தது.

ஏப்ரலில் முளைகட்டிய கிழங்கை ஊன்றுகையில்
டிராக்டர் வந்து நின்றது.
வழக்கமான கேள்வி வரவில்லை.
இன்ஜின் அதிர்ந்துகொண்டேயிருந்தது.
"கோட்டு என்கிட்டதான் இருக்கு" என்றார்.
"இருக்கட்டும்" என்றேன்.
"வெயிலில் மட்டும் காயப்போடாதீங்க.
வெளுத்துடும்."