கூடுதல் நேரம்

ஐந்து வருடக் கணக்கு முதிர்ந்த அன்று
தபால் நிலையக் கண்ணாடிக்குப் பின்னிருந்து
வழக்கம்போல் கேட்டார்:
"திரும்பப் போட்டுடலாமா ரெஜினா?"
இருபத்திரண்டு வருடமாக இதற்கு
என்னிடம் ஒரே பதில்தான்.
அன்று ஏனோ நாக்கு புரண்டுவிட்டது.
"ஐநூறு மட்டும் கையில கொடுங்க சார்."
மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்,
உடம்புக்கு ஏதுமோ என்று.

ஊரார் சேமிப்பை வசூலிப்பது என் பிழைப்பு.
மூஞ்சிக்கல் இறக்கத்திலிருந்து ஏரிச் சாலை வரை
மலைப்பூண்டுக் கடை, சைக்கிள் வாடகை, குதிரைக்காரர்,
சோளம் சுடும் விசாலம்,
எல்லார் அட்டையும் என் பையில், ஒரே ரப்பர் பேண்டில்.
வீட்டில்
கரைந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவேன்.
சீசன் முடிந்து அடிபட்டுக் கிடக்கும் பிளம்ஸ்தான்
எனக்குப் பழம்.
குடை ஒன்றேதான்: துணி இரண்டு முறை,
கம்பி மூன்று முறை மாற்றியது.

கஞ்சம் என்பார்கள். இருக்கலாம்.
தொண்ணூற்று மூன்றில், பெரியகுளம் ஆஸ்பத்திரியில்
"நானூறு கட்டிட்டு உள்ள வாங்க" என்றபோது
அப்பாவின் சட்டைப்பையில் அறுபத்தெட்டு.
யாரோ கொடுத்தார்கள்; அண்ணன் பிழைத்தான்.
எந்த நோட்டைத் தொட்டாலும் எனக்கு
அந்த யாரோவின் முகம்.

நாற்பத்தொன்பது வயதுவரை
ஏரியைச் சுற்றித்தான் போயிருக்கிறேன்.
ஏரிக்குள் போனதில்லை.
அது பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்கு.

"வசூலாக்கா? இன்னும் பத்தாம் தேதி ஆகலையே?"
டிக்கெட் கவுண்டரில் செல்வின்.
"படகுக்கு. ஒரு ஆள்."
"உங்களுக்கு எதுக்குக்கா டிக்கெட், சும்மா..."
"டிக்கெட் போடு."
சும்மா கிடைத்தால் இது நடக்காதென்று
எப்படியோ தெரிந்திருந்தது.

அரை மணிக்கு நூற்றெண்பது. நிமிடத்துக்கு ஆறு.
கணக்கும் ஏறி எதிர்ப்பலகையில் உட்கார்ந்துகொண்டது.
மூர்க்கமாகத் துடுப்புப் போட்டேன்,
கொடுத்த காசுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்.
முதல் வளைவு பதினெட்டு ரூபாய்.
நாணல் திட்டு முப்பது.
நீர்க்கோழி ஒன்று முங்கி எழுந்ததற்கு மூன்று,
பரவாயில்லை, மலிவு.
உள்ளங்கைத் தோல் உரிந்தது.

அப்போது மஞ்சு இறங்கியது.
முதலில் மரங்கள் போயின, அப்புறம் கரை,
அப்புறம் படகின் மூக்கு.
வந்த தூரத்தை எதை வைத்து அளக்க?
துடுப்பை எடுத்து மடிமேல் குறுக்காக வைத்தேன்.
சொட்டிக்கொண்டிருந்தது.
ஒரு நிமிடம். ஆறு ரூபாய்.
எதுவும் நடக்கவில்லை.
இன்னொரு நிமிடம்.
எங்கோ தார்ச்சாலையில் ஒரு குதிரையின் குளம்பு.
அதற்கப்புறம் எவ்வளவு ஆயிற்று என்று
எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

விசிலடித்து விசிலடித்துக் கரைக்கு இழுத்தான் செல்வின்.
இருபது நிமிடம் கூடுதல்.
"நூத்திருபது வருது. விடுங்கக்கா, மஞ்சுதானே..."
"மஞ்சு இல்லப்பா. நான்தான்."
கொடுத்தேன்.

மீதி இரண்டு நூறு ரூபாய் நோட்டு,
ஒன்றில் மூலை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.
அதை விசாலத்திடம் நீட்டி
சோளம் கேட்டேன். வதங்கியதை அல்ல.
குவியலில் கொழுத்தது, இளசு,
எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் வழிய வழிய.

இரவு தூங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.
முந்நூற்றைம்பதுக்கு எத்தனை கிலோ அரிசி என்று
இரண்டு மணிக்கு ஒரு குரல் கேட்டது.
பதில் சொல்லவில்லை.
எரிகிற உள்ளங்கையைக் கன்னத்துக்கு வைத்துக்கொண்டு
அப்படியே கிடந்தேன்.

மறுநாள் வசூல்.
"இந்த மாசத்துக்கு" என்று விசாலம்
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
நூறு ரூபாய். மூலையில் டேப்.
அட்டையில் வரவு வைத்துத் தேதி போட்டேன்.
"சோளம் சுடவாக்கா?"
ஏரி வெயிலில் கரைமுதல் கரைவரை தெரிந்தது.
"சுடு.
காசு வாங்கிக்கணும், சொல்லிட்டேன்."